ஃபார்மேட் போடுறதுக்கு முன்னாடி ரேமைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோட் கொஞ்சம் ஹார்டுவேர் பக்கம். நான் சாஃப்ட்வேர் ஆளு தான். ஆனா இன்ஜினியரிங் படிச்ச எல்லாருக்கும் ஒரு தலையெழுத்து உண்டு. சொந்தக்காரங்க வீட்டுல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுனா நமக்குத் தான் போன் வரும். நீங்க படிச்சது சிவிலா இருந்தாலும் வரும்.

இன்னைக்கு பேசப் போறது ரேம் பத்தி. ரேம் கெட்டுப்போனா கம்ப்யூட்டர் ஆனே ஆகாதுன்னு பலர் நினைக்கிறாங்க. முழுசா கெட்டா அப்படித்தான். பீப் சத்தம் வரும், ஸ்கிரீன் கருப்பா நிக்கும், கடைக்கு எடுத்துட்டுப் போவீங்க, மாத்திக் குடுப்பாங்க, முடிஞ்சது. கஷ்டம் எங்கன்னா, அரைகுறையா கெடும்போது. கோடிக்கணக்கான இடத்துல ரெண்டு மூணு இடம் மட்டும் கெட்டிருக்கும். மெஷின் ஆன் ஆகும், யூட்யூப் ஓடும், பாட்டு பாடும். ஆனா உள்ளுக்குள்ள உங்க ஃபைல்களை ஒவ்வொன்னா கெடுத்துக்கிட்டே இருக்கும். அந்தக் கதை தான் இன்னைக்கு.

சிவகிரியில ஒரு ஸ்டுடியோ

எங்க ஊரு சிவகிரி. தென்காசி மாவட்டம். ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல, வாசுதேவநல்லூருக்கு முன்னாடி வரும். ஊருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அங்க எங்க அத்தான் ஒரு போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்காரு. பாஸ்போர்ட் போட்டோ, பிளக்ஸ் டிசைன், முகூர்த்த சீசன்ல கல்யாண ஆல்பம். ஒரே ஒரு டெஸ்க்டாப், 16 ஜிபி ரேம், ரெண்டு 8 ஜிபி ஸ்டிக்.

போன வைகாசியில அவர்கிட்ட இருந்து போன். "மாப்ள, கம்ப்யூட்டர் சும்மா சும்மா நீலமாயிருது. கடைக்காரர் ரெண்டு தடவ ஃபார்மேட் போட்டாரு. எஸ்எம்பிஎஸ் மாத்துனாரு. இப்ப மூணாவது தடவ ஃபார்மேட் போடணும்ங்கிறாரு. போட்டுருவோமா?"

"அத்தான், கொஞ்சம் பொறுங்க. யாரையும் கை வைக்க விடாதீங்க"ன்னு சொல்லிட்டு, மூணு கேள்வி கேட்டேன். உங்க வீட்டு மெஷின் மக்கர் பண்ணுனாலும் இந்த மூணையும் கேளுங்க.

முதல் கேள்வி: நீல ஸ்கிரீன்ல கீழ வர்ற பேரு ஒவ்வொரு தடவையும் ஒன்னா, வேற வேறயா? அவர் போன்ல எடுத்து வச்சிருந்தாரு. மூணு போட்டோ, மூணு பேரு. ஒன்னுல மெமரி மேனேஜ்மென்ட், இன்னொன்னுல பேஜ் ஃபால்ட், மூணாவதுல வேற ஏதோ. ஒரு டிரைவர் சரியில்லைன்னா பெரும்பாலும் அதே பேரு திரும்பத் திரும்ப வரும். தினமும் வேற வேற ஆளு மேல பழி விழுதுன்னா, எல்லாரும் பொதுவா புழங்குற இடத்தைத் தான் சந்தேகப்படணும். எல்லா புரோகிராமும் பொதுவா புழங்குற இடம் ரேம்.

ரெண்டாவது: எப்ப வருது? "பில் போடும்போது வராது மாப்ள. ஆல்பம் டிசைன் பண்ணும்போது தான் வருது. மத்தியானத்துல ஜாஸ்தி." இதுல ரெண்டு தகவல் இருக்கு. பெரிய ஃபைல் திறந்தா ரேம் நிறைய நிரம்பும், கெட்டுப்போன இடத்தைத் தொடுற வாய்ப்பு கூடும். கடைக்காரர் டேபிள்ல வச்சு ஒரு மணி நேரம் சும்மா ஓட்டிப் பாத்து "நல்லாத் தான் இருக்கு"ன்னு சொன்னதுக்குக் காரணம் இது தான். மத்தியானம் ஏன்னு கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

மூணாவது: சமீபத்துல என்ன மாத்துனீங்க? "ஆறு மாசம் முன்னாடி இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன்." இதைக் கேட்டதும் எல்லாரும் அந்தப் புது ஸ்டிக் மேல தான் கை காட்டுவோம். அதை மனசுல வச்சுக்கோங்க.

இந்த மூணு பதிலும் சேர்ந்தா சந்தேகம் ரேம் பக்கம் சாயும், அவ்வளவு தான். எஸ்எம்பிஎஸ், பிராசஸர் சூடு, ஹார்ட் டிஸ்க் எல்லாமே இதே மாதிரி ஆட்டம் காட்டும். நம்ம ஊர்ல கரண்ட் ஏத்த இறக்கமும் சேர்த்துக்கோங்க. அதனால டெஸ்ட் பண்ணாம முடிவு பண்ணக் கூடாது.

ரேமுக்குள்ள என்ன நடக்குது

ரேம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். ஐபிஎம்ல இருந்த ராபர்ட் டெனார்டுக்கு 1968ல இதுக்கு பேட்டன்ட் கிடைச்சது. இன்னைக்கும் அடிப்படை அதே தான். கெபாசிட்டர்ல சார்ஜ் இருந்தா 1, இல்லைன்னா 0. ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தி வச்ச மாதிரி அந்த சார்ஜ் ஒழுகிக்கிட்டே இருக்கும். அதனால வழக்கமா 64 மில்லி செகண்டுக்குள்ள ஒவ்வொரு வரிசையையும் ஒரு தடவ படிச்சு, திரும்ப நிரப்பி வைக்கணும். இதுக்குப் பேரு தான் ரெஃப்ரெஷ்.

8 ஜிபின்னா சுமார் 6,870 கோடி பிட். அத்தனை குடத்துல ஒரு குடம் மட்டும் கொஞ்சம் வேகமா ஒழுகுதுன்னு வைங்க. நிரப்ப வர்றதுக்குள்ள காலி. நீங்க 1ன்னு எழுதி வச்சது 0ன்னு படிக்கும். சூடு ஏற ஏற ஒழுகலும் கூடும். சிப் 85 டிகிரி தாண்டினா ரெஃப்ரெஷை ரெண்டு மடங்கு வேகமாக்கணும்னு ஸ்டாண்டர்டுலயே இருக்கு. ஓரமா நிக்கிற ஒரு செல் காலையில தாக்குப்பிடிச்சு மத்தியானம் தோத்துப் போறதுக்கு அது போதும். அத்தானோட ஸ்டுடியோ மேல தகரக் கூரை. கடைக்காரர் கடையில ஏசி.

ராத்திரி முழுக்க ஒரு டெஸ்ட்

அந்த வாரக் கடைசியில பொதிகை எக்ஸ்பிரஸ்ல ராஜபாளையம் இறங்கி, பஸ் பிடிச்சு ஊருக்குப் போனேன். கையில ஒரு பென் டிரைவ். அதுல மெம்டெஸ்ட்86+.

இது இலவசம். பழைய மெம்டெஸ்ட்86ஐ கிறிஸ் பிராடின்னு ஒருத்தர் 1994ல எழுதுனாரு. அதுல இருந்து பிரிஞ்சு வந்தது தான் பிளஸ். விண்டோஸுக்குள்ள ஓடாது. பென் டிரைவ்ல இருந்து நேரா பூட் ஆகும். ஏன்னா விண்டோஸ் ஓடிக்கிட்டு இருந்தா ரேம்ல ஒரு பகுதியை அதுவே பிடிச்சு வச்சுக்கும், அந்த இடத்தை டெஸ்ட் பண்ண முடியாது. மெம்டெஸ்ட் என்ன பண்ணும்னா, ரேம் முழுக்க 0 எழுதும், படிக்கும். 1 எழுதும், படிக்கும். பக்கத்து செல்லை மாத்திட்டு இது மாறாம இருக்கான்னு பார்க்கும். எழுதினது ஒன்னு, படிச்சது வேறன்னா சிவப்புல காட்டும்.

ரெண்டு ஸ்டிக்கும் போட்டு ஓட்டினேன். முதல் இருபது நிமிஷம் ஒன்னும் இல்ல. அத்தான் காபி கொண்டு வந்து, "என்ன மாப்ள, நல்லாத் தான இருக்கு?"ன்னு கேட்டாரு. அரை மணி நேரத்துல சிவப்பு வரி வர ஆரம்பிச்சுது. அட்ரஸ் கிட்டத்தட்ட ஒரே இடம், தப்பா வர்ற பிட்டும் ஒரே பிட். 1 எழுதினா 0 வருது.

இங்க நிறையப் பேரு அவசரப்படுவாங்க. "எரர் வந்த அட்ரஸ் 9 ஜிபிக்கு மேல இருக்கு, அப்ப ரெண்டாவது ஸ்டிக் தான் போச்சு"ன்னு கணக்குப் போடக் கூடாது. டூயல் சேனல்ல ரெண்டு ஸ்டிக்கையும் மாத்தி மாத்திக் கலந்து தான் அட்ரஸ் குடுப்பாங்க. அதனால ஒவ்வொரு ஸ்டிக்கா தனியா டெஸ்ட் பண்ணணும்.

புது ஸ்டிக்கை மட்டும் போட்டு ராத்திரி ஓட விட்டேன். காலையில பார்த்தா எரர் 0. எல்லாரும் சந்தேகப்பட்ட ஆளு நிரபராதி. அதே ஸ்லாட்ல பழைய ஸ்டிக்கைப் போட்டா ரெண்டாவது பாஸ்லயே சிவப்பு. வேற ஸ்லாட்டுக்கு மாத்தினேன், அங்கயும் சிவப்பு. எரர் ஸ்டிக் கூடவே நகர்ந்து போச்சுன்னா ஸ்டிக் தான் கெட்டிருக்கு. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்ல மட்டும் எரர் வந்தா ஸ்லாட், மதர்போர்டு, இல்ல பிராசஸர். இந்த ஒரு மாத்திப் போடுற வேலையைச் செஞ்சிருந்தா, எஸ்எம்பிஎஸ் காசு மிச்சம்.

கல்யாண ஆல்பத்துக்கு என்ன ஆச்சு

நீல ஸ்கிரீன் ஒரு தொந்தரவு தான். ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம். நிஜமான நஷ்டம் வேற இடத்துல நடந்திருந்துச்சு.

கேமரா கார்டுல இருந்து போட்டோவை கம்ப்யூட்டருக்கு காப்பி பண்றீங்க. கார்டுல இருந்து டிஸ்குக்கு அது நேரா போறதில்ல. முதல்ல ரேமுக்கு வரும், அங்க இருந்து டிஸ்குக்குப் போகும். போற வழியில அந்த ஒழுகுற செல்லுல தங்கிட்டுப் போச்சுன்னா, ஒரு பிட் மாறித் தான் டிஸ்க்ல எழுதப்படும். ஃபைல் பேரு அதே, சைஸ் அதே, தேதி அதே. எந்த எரர் மெசேஜும் வராது. ஜேபெக் ஃபைல்ல ஒரு பிட் மாறினா, அந்த இடத்துல இருந்து கீழ வரைக்கும் படம் நகர்ந்துரும், கலர் மாறிரும். மேல பாதி மாப்பிள்ளை, கீழ பாதி பச்சைப் பட்டை.

அத்தான் சில போட்டோல அந்தப் பட்டையைப் பார்த்திருக்காரு. கார்டு பழசு போலன்னு விட்டிருக்காரு. அதுக்கு மேல, கடைக்காரர் ஒவ்வொரு தடவ ஃபார்மேட் போடுறதுக்கு முன்னாடியும் "பேக்கப்" எடுத்திருக்காரு. அதே மெஷின்ல, அதே ரேம் வழியா, வெளி டிஸ்குக்கு. ஃபார்மேட் முடிஞ்சதும் திரும்ப உள்ள. ரெண்டு ஃபார்மேட்டுக்கு நாலு பயணம். ஒவ்வொரு பயணத்துலயும் நல்லா இருந்த ஃபைல் இன்னும் சிலது கெட்டிருக்கு. புதுசா போட்ட விண்டோஸும் அதே ரேம் வழியாத் தான் டிஸ்குக்குப் போச்சு, அதனால அதுவும் ஆரோக்கியமா இருக்கும்னு சொல்ல முடியாது.

அப்ப கையில இருந்தது ஒரு கல்யாணம், சுமார் 2,300 போட்டோ. நல்ல லேப்டாப் ஒன்னுல வச்சு ஒவ்வொன்னா பார்த்தோம். 61 கெட்டிருந்துச்சு. அத்தானோட கேமராவுல ரெண்டு கார்டு ஸ்லாட். ரெண்டாவது கார்டு இன்னும் மேஜை டிராயர்ல அப்படியே இருந்துச்சு. அதுல இருந்து 47 போட்டோ திரும்பக் கிடைச்சுது, தாலி கட்டுறது உட்பட. கூட வந்த பையனோட கேமராவுல ஒரே ஸ்லாட். அந்தக் கார்டை அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சுட்டாங்க. 14 போட்டோ போனது போனது தான். அத்தான் அந்த வீட்டுக்கு நேர்ல போய் விஷயத்தைச் சொல்லி, ஆல்பத்துல காசு குறைச்சுக்கிட்டாரு. அந்த 14ல ஒன்னு, பொண்ணோட ஆச்சி அட்சதை போடுறது. அதை வேற யாரும் எடுக்கல.

அதனால தான் தலைப்பு அப்படி. ரேம் மேல சந்தேகம் இருக்குற மெஷின்ல காப்பி, பேக்கப், ஃபார்மேட் எதுவும் பண்ணாதீங்க. முதல்ல டெஸ்ட். அவசரமா டேட்டா வேணும்னா டிஸ்கைக் கழட்டி வேற நல்ல மெஷின்ல மாட்டி எடுங்க.

இது அபூர்வமா?

இல்ல. 2009ல கூகுளும் டொரன்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. கூகுளோட சர்வர்களை ரெண்டரை வருஷம் கவனிச்சு எழுதினது. வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கும் மேல ரேம் ஸ்டிக்குகள்ல ஏதாவது ஒரு எரர் வந்திருக்கு. ஒரு தடவ எரர் வந்த ஸ்டிக்ல திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தின்னும் அதுல இருந்துச்சு. அதனால மெம்டெஸ்ட்ல "ஒரே ஒரு எரர் தான, பரவால்ல"ன்னு விடாதீங்க. ஒன்னு வந்தாலும் அந்த ஸ்டிக்கை நம்பக் கூடாது.

யாருக்கு வேணும்னாலும் வரும். 2022 அக்டோபர்ல லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸுக்கே வந்துச்சு. கெர்னல் 6.1க்கான வேலை நடந்துக்கிட்டு இருந்த நேரம். அவர் மெஷின்ல கம்பைலர் காரணமே இல்லாம செத்துச் செத்து விழுந்துச்சு. புதுசா சேர்த்த கெர்னல் கோடுல தான் ஏதோ பிரச்சினைன்னு முதல்ல சந்தேகப்பட்டாரு. கடைசியில பார்த்தா, ரெண்டரை வருஷம் ஒழுங்கா ஓடின ஒரு ரேம் ஸ்டிக் கெட்டுப் போயிருக்கு. கோடு எழுதுறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க. அதே கோடு ஒரு தடவ கம்பைல் ஆகி, அடுத்த தடவ வேற இடத்துல உடைஞ்சா, சந்தேகப் பட்டியல்ல ரேமையும் சேருங்க.

காஸ்மிக் கதிர்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். விண்வெளியில இருந்து வர்ற கதிர் பிட்டை மாத்தும்ங்கிறது உண்மை தான். நம்ம ஊட்டியிலயே டிஐஎஃப்ஆரோட கிரேப்ஸ்-3ன்னு ஒரு ஆய்வுக்கூடம் இருக்கு. 560 சதுர மீட்டர் பரப்புல, காஸ்மிக் கதிர் காற்றுல மோதி உண்டாக்குற மியூவான் துகள்களை எண்ணிக்கிட்டே இருக்காங்க. 2015 ஜூன் 22ல ஒரு சூரியப் புயல் சமயம், ரெண்டு மணி நேரம் அந்த எண்ணிக்கை திடீர்னு கூடினதைப் பதிவு பண்ணாங்க. அதே மோதல்ல இருந்து நியூட்ரானும் வரும். தரையில இருக்குற சிப்புல பிட்டை மாத்துறது பெரும்பாலும் அந்த நியூட்ரான் தான்.

2003ல பெல்ஜியத்துல ஸ்கார்பீக்ங்கிற ஊர்ல, எலெக்ட்ரானிக் ஓட்டுப்பதிவுல ஒரு வேட்பாளருக்கு சரியா 4,096 ஓட்டு கூட வந்துச்சு. 4,096ன்னா 2ஐ 12 தடவ பெருக்குறது. அதாவது ஒரே ஒரு பிட் 0ல இருந்து 1 ஆயிருக்கு. கிடைக்க முடியாத அளவு ஓட்டு வந்ததால கண்டுபிடிச்சாங்க. காஸ்மிக் கதிரா இருக்கலாம்னு ஒரு ஊகம் உண்டு. மாறினது சின்ன பிட்டா இருந்து, நாலு ஓட்டு மட்டும் கூடியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

ஆனா உங்க வீட்டு மெஷின் வாரத்துக்கு மூணு தடவ நீலமாச்சுன்னா, பழியைத் தூக்கி வானத்து மேல போடாதீங்க. கதிர் மாத்துனா ஒரு தடவ, ஏதோ ஒரு இடத்துல. திரும்ப எழுதினா சரியாயிரும். ஒரே அட்ரஸ், ஒரே பிட், திரும்பத் திரும்பன்னா அது கெட்டுப்போன சிப்.

இதுக்கெல்லாம் ஒரு பாதுகாப்பு இருக்கு. இசிசி ரேம். 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலா வச்சு, ஒரு பிட் மாறினா தானே திருத்தும், ரெண்டு மாறினா கண்டுபிடிச்சு சொல்லும். சர்வர்ல எல்லாம் இது தான். நம்ம வீட்டு மெஷின்ல பெரும்பாலும் கிடையாது. டிடிஆர்5ல "ஆன்-டை இசிசி"ன்னு போட்டிருப்பாங்க. அது சிப்புக்குள்ள நடக்குற தப்பை மட்டும் தான் பார்க்கும். சிப்புல இருந்து பிராசஸர் வரைக்கும் வர்ற வழியை அது காக்காது. காசு வாங்கிட்டு அடுத்தவங்க டேட்டாவைக் கையில வச்சிருக்குறவங்க, அதாவது ஸ்டுடியோ, ஆடிட்டர் ஆபீஸ், டிடிபி சென்டர், அடுத்த மெஷின் வாங்கும்போது இசிசி சப்போர்ட் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

செய்ய வேண்டியது, வரிசையா

1. காரணம் தெரியாம கிராஷ் ஆகுதா? நீல ஸ்கிரீனை போன்ல போட்டோ எடுத்து வைங்க. பேரு மாறிக்கிட்டே இருந்தா ரேமைச் சந்தேகப்படுங்க.

2. காப்பி, பேக்கப், ஃபார்மேட் எல்லாத்தையும் நிறுத்துங்க. கேமரா கார்டு, பழைய பென் டிரைவ் எதையும் அழிக்காதீங்க.

3. பயாஸ்ல எக்ஸ்எம்பி, எக்ஸ்போன்னு ரேமை வேகமா ஓட்டுற செட்டிங் இருந்தா ஆஃப் பண்ணுங்க. சில சமயம் ஸ்டிக் நல்லா இருக்கும், வேகம் தான் தாங்காது.

4. பவர் பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினெட் இரும்பைத் தொட்டு உடம்புல இருக்குற ஸ்டாட்டிக்கைப் போக்கிட்டு, ஸ்டிக்கைக் கழட்டி, தங்க நிறப் பட்டையைத் துடைச்சு, கிளிக் சத்தம் கேக்குற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. தூசியும் தளர்ந்த ஸ்டிக்கும் இதே பிரச்சினையைக் குடுக்கும்.

5. மெம்டெஸ்ட்86+ஐ ராத்திரி முழுக்க ஓட விடுங்க. குறைஞ்சது நாலு பாஸ். சில மெஷின்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ண வேண்டியிருக்கும். பிட்லாக்கர் போட்டிருந்தா அதுக்கு முன்னாடி ரெக்கவரி கீயை எழுதி வச்சுக்கோங்க. பென் டிரைவ் இல்லைன்னா விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கு. அது எரர் காட்டினா நம்பலாம். ஒன்னும் காட்டலைன்னா அதோட நிறுத்தாம மெம்டெஸ்டும் ஓட்டிப் பாருங்க.

6. எரர் வந்தா ஒவ்வொரு ஸ்டிக்கா, ஒவ்வொரு ஸ்லாட்டா மாத்திப் போட்டு டெஸ்ட் பண்ணுங்க.

7. கெட்ட ஸ்டிக்கைக் கழட்டி வைங்க. பில்லைத் தேடுங்க. ரேமுக்கு பல கம்பெனிகள் பல வருஷம் வாரண்டி குடுக்குறாங்க. மெம்டெஸ்ட் ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து வச்சா வாரண்டி கேக்கும்போது உதவும்.

8. அதுக்கு அப்புறம் தான் விண்டோஸைப் புதுசா போடுறது. கெட்ட ரேம் இருந்த நாள்ல காப்பி பண்ணின ஃபைல் எல்லாத்தையும், மூலம் இருந்தா, திரும்ப எடுங்க. 7-ஜிப்ல எஸ்எச்ஏ-256 பார்த்து ரெண்டு பக்கமும் ஒன்னா இருக்கான்னு ஒப்பிடுங்க. சைஸ் ஒன்னா இருக்குறது சாட்சி ஆகாது.

அத்தானோட மெஷின் இப்ப 8 ஜிபில, அந்தப் "புது" ஸ்டிக்ல ஓடுது. பழையதை வாரண்டிக்கு அனுப்பியிருக்கோம். பெரிய ஆல்பம் திறந்தா கொஞ்சம் மெதுவா இருக்குன்னு சொல்றாரு. ஆனா ஆவணி முகூர்த்தம் முழுக்க ஒரு பச்சைப் பட்டை கூட வரல. கார்டையும் ஆல்பம் டெலிவரி ஆகுற வரைக்கும் அழிக்கிறதில்ல.

உங்க மெஷின்லயும் இப்படி ஏதாவது நடந்து, ரேம்னு நினைச்சு வேற ஏதோவா முடிஞ்சிருந்தா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. எஸ்எம்பிஎஸ் பத்தி ஒரு எபிசோட் பண்ணணும்னு இருக்கேன், அதுல சேர்த்துக்கலாம். அடுத்த வாரம் பார்க்கலாம்.